மெதுவாக அழுத்தினால் வளைகிற இரும்பு, வேகமாக அடித்தால் ஏன் வேறு ஆளாகிவிடுகிறது?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: வேகமாக அடித்தால் இரும்பின் உறுதி கூடும் என்று ஒரு புத்தகம் சொல்கிறது, கண்ணாடி மாதிரி நொறுங்கும் என்கிறது இன்னொன்று, இன்னும் வேகம் ஏறினால் தண்ணீர் மாதிரி ஓடும் என்கிறது மூன்றாவது. இதில் எதை நம்புவது, தட்டின் மேல் குண்டு மோதுகிற உங்கள் சிமுலேஷனில் எந்த எண்ணைப் போடுவது?

மூன்றும் சரிதான். மூன்றும் வேறு வேறு வேகத்தைப் பற்றிப் பேசுகின்றன, அவ்வளவே. குழப்பம் எங்கே வருகிறது என்றால், உறுதி என்பதைப் பொருளின் மேல் ஒட்டிய விலைச்சீட்டு மாதிரி ஒரே எண்ணாக நினைத்துப் பழகிவிட்டோம். அடி விழுந்த பிறகு அந்தப் பொருளுக்குக் கிடைக்கிற நேரம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசி விஷயம் தானாக அவிழும்.

முதலில் சேதி போகிற வேகம். ஒரு எஃகுக் கம்பியின் ஒரு முனையில் அடித்தால் மறுமுனைக்கு அது உடனே தெரியாது. அடிபட்ட சேதி அலையாகத்தான் போக வேண்டும், எஃகுக் கம்பியில் அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 5 கி.மீ. ஒரு மீட்டர் கம்பியைக் கடக்க 200 மைக்ரோவிநாடி. கல்லூரி ஆய்வகத்தில் இழுத்துப் பார்க்கிற எந்திரத்தில் ஒரு சோதனை சில நிமிடம் நடக்கும், அதற்குள் அலை லட்சக்கணக்கான தடவை போய் வந்துவிடும், அதனால் கம்பி முழுக்க ஒரே தகைவு (ஒரு அலகுப் பரப்பின் மேல் வருகிற விசை) என்று எடுத்துக்கொள்கிறோம், தப்பில்லை. ஆனால் அடி 20 மைக்ரோவிநாடியில் முடிந்துவிட்டால்? கம்பியின் ஒரு பகுதி நசுங்கிக்கொண்டிருக்கும், மீதிக் கம்பி எதுவுமே நடக்காதது மாதிரி சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் முழுக் கம்பியின் நீளமோ எடையோ கணக்கிலேயே வராது.

இதை 1872 இலேயே ஜான் ஹாப்கின்சன் என்பவர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார். கம்பியின் அடிமுனையில் ஒரு தடுப்பு, மேலிருந்து எடையை நழுவவிட்டால் அதில் வந்து மோதும். எடை கூடினால் கம்பி சீக்கிரம் அறும் என்றுதானே நாம் நினைப்போம்? கம்பி அறுவதை முக்கியமாகத் தீர்மானித்தது விழுந்த உயரம், அதாவது வேகம். எடை பெரிதாகப் பொருட்டே இல்லை. அதைவிட வேடிக்கை, பல தடவை கம்பி அடிபட்ட கீழ்முனையில் அறாமல், கெட்டியாகப் பிடித்திருந்த மேல்முனையில் அறுந்தது. அலை அங்கே போய் முட்டித் திரும்பும்போது தகைவு இரட்டிப்பாகிறது, அதனால்தான்.

கணக்கும் சுலபம். அலை கொண்டுவரும் தகைவு என்பது அடர்த்தி, அலைவேகம், அந்த இடத்துப் பொருள் நகர்கிற வேகம் மூன்றையும் பெருக்கினால் வருவது. எஃகுக்குப் போட்டுப் பாருங்கள்: விநாடிக்கு ஒவ்வொரு மீட்டர் வேகத்துக்கும் 40 மெகாபாஸ்கல். சாதாரண மென்னெஃகு 250 மெகாபாஸ்கல் வாக்கில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். அப்படியென்றால் கம்பியின் முனையைத் திடீரென்று விநாடிக்கு 6 மீட்டரில் தள்ளினாலே போதும். 6 மீட்டர் என்பது இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற பொருளின் வேகம். துப்பாக்கி வேண்டாம், நாற்காலி மேல் ஏறி நின்று கையை விட்டாலே அந்த வேகம் வந்துவிடும்.

சரி, வேகமாக அடித்தால் உறுதி ஏன் கூடுகிறது? உலோகம் நிரந்தரமாக வளைவது, அதன் படிக அடுக்குகளில் இருக்கும் டிஸ்லொகேஷன் எனும் பிசகுகள் நகர்வதால். வழியில் அதற்குத் தடைகள் உண்டு. அணுக்கள் வெப்பத்தால் எப்போதும் துள்ளிக்கொண்டிருக்கின்றன, அந்தத் துள்ளல் ஒரு நல்ல நேரத்தில் பின்னாலிருந்து தள்ளிவிடும், பிசகு தடையைத் தாண்டிவிடும். மெதுவாக அழுத்தும்போது காத்திருக்க நேரம் உண்டு, குறைந்த தகைவே போதும். அவசரப்படுத்தினால் காத்திருக்க நேரம் இல்லை, வெளியிலிருந்து கூடுதலாகத் தள்ள வேண்டும். மென்னெஃகு இதில் ரொம்ப உணர்ச்சிவசப்படும் ஆள். பொறியாளர்கள் பயன்படுத்தும் கௌப்பர்-சைமண்ட்ஸ் சூத்திரத்தின்படி, திரிபு வீதம் (ஒரு விநாடியில் நீளம் தன்னைப் போல எத்தனை மடங்கு மாறுகிறது என்ற கணக்கு) விநாடிக்கு 40 ஆகும்போதே அது வளையத் தொடங்கும் அளவு இரட்டிப்பாகிவிடுகிறது, விநாடிக்கு 1000 என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு. (10 மி.மீ. உயரமுள்ள துண்டை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நசுக்கினால் திரிபு வீதம் 1000, அப்படி ஒன்றும் எட்டாத எண் இல்லை.) அலுமினியக் கலவைகள் பல இதற்கெல்லாம் அசைந்து கொடுக்காது. ஆகவே எஃகுக்குப் படித்ததை அலுமினியத்துக்கு அப்படியே போடாதீர்கள்.

உறுதி கூடுவதும் நொறுங்குவதும் எப்படி ஒரே உலோகத்தில் சேர்ந்து வரும் என்று குழம்ப வேண்டாம். ஒன்றுதான் மற்றதற்குக் காரணம். விரிசலின் முனையில் உலோகம் வளைந்து கொடுத்தால் முனை மழுங்கும், விரிசல் நிற்கும். வளைவதற்கே இப்போது மூன்று மடங்கு தகைவு வேண்டும் என்றால், அதற்குள் அணு அடுக்குகளைப் பிளக்கத் தேவையான தகைவு எட்டிவிடலாம், விரிசல் கூர்மை குறையாமல் ஓடிவிடும். குளிர் செய்வதும் இதே வேலையைத்தான், வெப்பத் துள்ளலைக் குறைக்கிறது. குளிரும் வேகமும் சேர்ந்தால் மென்னெஃகு மோசமாக நடந்துகொள்வதற்கு இதுதான் காரணம்.

இதையெல்லாம் அளக்கிற கருவி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்குக் கிடைக்கும் பெரும்பாலான எண்கள் அங்கிருந்துதான் வருகின்றன. ஜான் ஹாப்கின்சனின் மகன் பெர்ட்ராம் 1914 இல் ஒரு நீண்ட எஃகுக் கம்பியையே அழுத்தமானியாக்கினார், 1949 இல் கோல்ஸ்கி அதை இரண்டு கம்பியாக்கி நடுவில் சாம்பிளை வைத்தார். நான் சில வருடம் இந்த வேலை செய்திருக்கிறேன். பார்க்க ஒன்றுமே இருக்காது: ஒரே நேர்க்கோட்டில் இரண்டு வழுவழுப்பான நீண்ட கம்பிகள், நடுவில் தடிமனான காசு அளவுக்கு ஒரு செம்புத் துண்டு, அது கீழே விழாமல் இருக்கத் துளி கிரீஸ். வாயுத் துப்பாக்கியிலிருந்து ஸ்ட்ரைக்கர் எனும் குட்டிக் கம்பி வந்து முதல் கம்பியில் மோதும். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். நீங்கள் கண் சிமிட்டுவதற்குள் சோதனை நூறு தடவைக்கு மேல் முடிந்திருக்கும். கம்பிகளில் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ்கள், அதாவது நீட்சியை அளக்கும் உணரிகள், மூன்று அலைகளைப் பதிந்திருக்கும்: உள்ளே போனது, திரும்பி வந்தது, தாண்டிப் போனது. அவ்வளவுதான் தரவு, மீதியெல்லாம் கணக்கு. ஒரு தடவை கம்பிகள் மயிரிழை கோணலாக இருந்ததைக் கவனிக்காமல் ஒரு வாரம் சோதனை செய்து, வளைகோட்டின் தொடக்கத்தில் வந்த ஒரு குட்டி மேட்டைப் பொருளின் குணம் என்று நம்பி, அதற்கு ஒரு விளக்கமும் யோசித்து வைத்திருந்தேன். கம்பியை நேராக்கியதும் மேடு போய்விட்டது. அதிலிருந்து யாருடைய வளைகோட்டைப் பார்த்தாலும் முதல் சில மைக்ரோவிநாடிகளை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்ப வேண்டாம்.

அடுத்தது சூடு. வளைக்கச் செலவான வேலையில் ஏறக்குறைய 90 சதவீதம் சூடாக மாறுகிறது என்று 1934 இலேயே டெய்லரும் குவின்னியும் அளந்து காட்டினார்கள். மேலே சொன்ன செம்புத் துண்டை 30 சதவீதம் நசுக்கினால் அதன் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் ஏறும். மெதுவாக நசுக்கினாலும் இதே அளவு சூடுதான் பிறக்கும், ஆனால் அது பக்கத்துக்கு வடிந்துவிடும். 100 மைக்ரோவிநாடியில் எஃகுக்குள் சூடு எவ்வளவு தூரம் பரவும் தெரியுமா? சுமார் 30 மைக்ரான். ஒரு தலைமுடியின் பாதித் தடிமன். பிறந்த இடத்திலேயே மாட்டிக்கொள்கிறது.

இங்கேதான் ஒரு விஷச் சுழல் தொடங்குகிறது. உலோகத்தில் எங்கோ ஒரு கோடு மற்ற இடத்தைவிடச் சற்று அதிகம் சறுக்குகிறது, அதனால் அங்கே சூடு, சூட்டினால் அந்த இடம் இளகுகிறது, இளகியதால் இன்னும் அதிகம் சறுக்குகிறது. முடிவில் மொத்தச் சிதைவும் சில பத்து மைக்ரான் அகலமுள்ள ஒரே பட்டைக்குள் போய் அடைந்துகொள்ளும், பட்டைக்கு இரு பக்கமும் உலோகம் ஏறக்குறையச் சேதமில்லாமல் இருக்கும். அடியாபாட்டிக் ஷியர் பேண்ட் என்பார்கள். 1878 இல் ட்ரெஸ்கா பிளாட்டினக் கட்டியைச் சம்மட்டியால் அடிக்கும்போது குறுக்குக் கோடுகள் ஒளிர்ந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார், 1944 இல் ஜீனரும் ஹாலமனும் எஃகில் இதை விளக்கினார்கள். எஃகுத் துண்டை மெருகிட்டு அமிலத்தில் அரித்து நுண்ணோக்கியில் பார்த்தால் சாம்பல் நிறப் பரப்பின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு, பிளேடால் கிழித்த மாதிரி. டைட்டானியம் இதற்குப் பேர்போனது, சூட்டைக் கடத்துவதில் அது சோம்பேறி. டைட்டானியத்தை லேத்தில் கடையும்போது சீவல் ரம்பப் பல் மாதிரி வருவதும் இதே சங்கதிதான்.

இதுவரை பேசியது விநாடிக்குச் சில நூறு மீட்டர் வரையிலான உலகம். இனி அதிர்ச்சி அலை. அழுத்தம் கூடக் கூடப் பொருள் இறுகும், இறுகிய பொருளில் அலை இன்னும் வேகமாகப் போகும். அதனால் பின்னால் வருகிற பெரிய அழுத்தம் முன்னால் போகிற சின்ன அழுத்தத்தை எட்டிப் பிடித்து, எல்லாம் ஒரே செங்குத்துச் சுவராகிவிடுகிறது. அந்தச் சுவருக்கு முன்னால் பொருள் பழைய நிலையில், பின்னால் முற்றிலும் வேறு அடர்த்தி, வேறு வெப்பநிலை. ராங்கின் 1870 இலும் ஹியூகோனியோ 1887 இலும் எழுதிய சமன்பாடுகள் வேறொன்றுமில்லை: நிறை, உந்தம், ஆற்றல் மூன்றும் சுவரைத் தாண்டும்போது காணாமல் போகக் கூடாது என்ற கணக்கு.

செம்பைச் செம்பின் மேல் விநாடிக்கு 1 கி.மீ. வேகத்தில் மோதவிடுவோம். இரண்டும் ஒரே பொருள் என்பதால் சந்திக்கும் இடம் பாதி வேகத்தில், 0.5 கி.மீ.யில் நகரும். செம்பில் அதிர்ச்சி அலையின் வேகம் என்பது 3.94 கி.மீ.யுடன், பொருள் நகரும் வேகத்தின் 1.49 மடங்கைக் கூட்டினால் வருவது, அதாவது 4.7 கி.மீ. வாக்கில். அதை அடர்த்தி 8.93 ஆலும் பொருள் நகரும் வேகம் 0.5 ஆலும் பெருக்கினால் அழுத்தம் 21 கிகாபாஸ்கல். செம்பின் சாதாரண உறுதி 0.1 இலிருந்து 0.3 கிகாபாஸ்கல். நூறு ரூபாய்க் கணக்கில் ஒரு ரூபாய் மாதிரி அந்த உறுதி ஒதுங்கிவிடுகிறது. "உலோகம் திரவம் போல ஓடும்" என்ற வாக்கியத்துக்கு இவ்வளவுதான் அர்த்தம். உருகிவிட்டது என்று அர்த்தமில்லை! செம்பை அதிர்ச்சி அலையின் அழுத்தத்திலேயே உருக்க 200 கிகாபாஸ்கலுக்கு மேல் வேண்டும். வெடிமருந்து பீய்ச்சி அடித்துக் கவசத்தைத் துளைக்கும் செம்புத் தாரை (ஜெட்) உருகிய செம்பு என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அது திடப்பொருள்தான், திடமாகவே ஓடுகிறது.

உறுதி கணக்கில் வராத அந்த எல்லையில், துளைக்கும் ஆழம் துளைப்பதன் நீளத்தையும் இரு பொருள்களின் அடர்த்தி விகிதத்தின் வர்க்கமூலத்தையும் மட்டுமே பொறுத்தது. அழகான சூத்திரம், அதனாலேயே ஆபத்தானது. விநாடிக்கு 1.5 கி.மீ. வாக்கில் எஃகை மோதுகிற கம்பிக்கெல்லாம் இதைப் போட்டுவிடுகிறார்கள். அந்த வேகத்தில் எஃகின் உறுதி இன்னும் வாக்குரிமை உள்ள ஆள்தான், ஒதுக்க முடியாது.

இரும்பு இன்னொரு வேலையும் காட்டும். 13 கிகாபாஸ்கலைத் தாண்டினால் அதன் படிக அமைப்பே வேறாக மாறுகிறது. 1956 இல் இதை முதலில் கண்டுபிடித்ததே அதிர்ச்சி அலைச் சோதனையில்தான், ஒரு சுவர் வர வேண்டிய இடத்தில் பல படிகளாக வந்து நின்றது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஒரு தடவை சோதித்த எஃகுத் தட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் ஆழமில்லாத ஒரு குழி, துளை இல்லை. திருப்பினால் பின்பக்கத்தில் தட்டு மாதிரியே ஒரு துண்டு பெயர்ந்து போயிருந்தது, பெயர்ந்த இடம் மினுமினுவென்று சொரசொரப்பாக. எதுவும் உள்ளே போகவே இல்லை, பின்பக்கம் எப்படிப் போச்சு? அழுத்த அலை தட்டின் பின்பக்கத்தை அடைகிறது, அங்கே தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, வெறும் காற்று. தாங்க ஆளில்லாத முகத்தில் அழுத்த அலை இழுவை அலையாகப் புரண்டு திரும்புகிறது. உள்ளே வந்துகொண்டிருக்கும் அலையின் வால் பகுதியோடு அது சேரும் இடத்தில் உலோகம் இரண்டு பக்கமும் இழுபட்டுக் கிழிகிறது. இதற்கு ஸ்பால் என்று பெயர். கான்கிரீட்டில் இன்னும் மோசம், அது அழுத்தத்தைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்குதான் இழுவையைத் தாங்கும். சுவர் ஓட்டையாகாமலேயே அதன் பின்னால் நிற்பவர் அடிபடுவது இப்படித்தான், கவச வண்டிகளின் உட்புறத்தில் தடித்த இழைத்துணி விரிப்பு இருப்பதும் இதற்காகவே.

இதிலும் நேரம் விளையாடுகிறது. மெதுவாக இழுத்தால் 0.2 கிகாபாஸ்கலில் அறுகிற செம்பு, ஸ்பால் சோதனையில் 1 கிகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். உள்ளே குட்டிக் குட்டிப் பொத்தல்கள் பிறந்து, வளர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் கிழிசல். மைக்ரோவிநாடிக்குள் இவ்வளவும் நடந்தாக வேண்டுமே.

விண்வெளி வேகத்துக்குப் போவோம். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் குண்டு, எடை 1.4 கிராம். விநாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் அதன் ஆற்றல் 70 கிலோஜூல். 1400 கிலோ கார் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வந்தால் இருக்கும் அதே ஆற்றல், நகத்தளவு இடத்தில். இதற்கு ஃப்ரெட் விப்பிள் 1947 இல் சொன்ன தீர்வு, கனமான சுவருக்குப் பதில், சுவருக்கு முன்னால் இடைவெளி விட்டு ஒரு மெல்லிய தகடு. குண்டு தகட்டில் மோதியதும் அதிர்ச்சி அலை குண்டுக்குள்ளேயே ஓடிப் பின்முகத்தில் திரும்பி, குண்டையே நொறுக்கிவிடும். 7 கி.மீ. வேகத்தில் அலுமினியமும் அலுமினியமும் மோதினால் 95 கிகாபாஸ்கல், அழுத்தம் விலகும்போது பெரும்பாலும் உருகிய துளிகள். அந்த மேகம் விரிந்து சுவரின் பெரிய பரப்பில் விழும். ஆனால் 3 கி.மீ. வேகத்தில் குண்டு முழுசாக நொறுங்காது, தகட்டைத் துளைத்துக்கொண்டு கெட்டியாக வந்து சுவரில் விழும். ஆகவே இந்தக் கவசத்துக்கு 7 கி.மீ. குண்டைவிட 3 கி.மீ. குண்டு பெரிய தலைவலி. வேகம் கூடினால் சேதம் கூடும் என்ற நம் பழக்கக் கணக்கு இங்கே கவிழ்கிறது.

மென்மையான பொருள் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையும் இப்படித்தான். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பும்போது அதன் இறக்கை விளிம்பில் மோதியது வெறும் காப்பு நுரை, எடை ஒரு கிலோகூட இல்லை, ஆனால் வேகம் விநாடிக்கு 200 மீட்டருக்கு மேல். பிறகு நடந்த சோதனையில் அதே மாதிரி நுரையைச் சுட்டபோது இறக்கை விளிம்பின் கார்பன் பலகையில் 40 செ.மீ. அளவுக்கு ஓட்டை விழுந்தது. மழைத்துளியைக்கூடச் சும்மா நினைக்காதீர்கள்: 200 மீட்டர் வேகத்தில் தண்ணீர் மோதினால் முதல் கணத்தில் 300 மெகாபாஸ்கல், பக்கவாட்டில் ஓடித் தப்பிக்க அதற்கு நேரம் கிடைப்பதற்கு முன்னால்.

இனி உங்கள் சிமுலேஷன். உலோகத்தின் உறுதிக்கு நீங்கள் ஜான்சன்-குக் சூத்திரத்தைத்தான் போடப்போகிறீர்கள், எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். 1983 இல் வந்தது, மூன்று உறுப்புகளின் பெருக்கல்: வளைய வளைய இறுகுவது, வேகத்தின் மடக்கைக்கு ஏற்ப உறுதி கூடுவது, சூட்டில் குறைவது. விநாடிக்குச் சில ஆயிரம் திரிபு வீதம் வரை நல்ல வேலைக்காரன். அதற்கு மேல் செம்பு போன்ற உலோகங்களின் உறுதி மடக்கைக் கோட்டை விட்டுச் செங்குத்தாக ஏறத் தொடங்கும். அந்த வேகத்தில் பிசகுகள் தடைகளில் காத்திருப்பதே இல்லை, பறக்கின்றன, அவற்றை இழுத்துப் பிடிப்பது படிகத்தின் வெப்ப அதிர்வுகள். முன்பு பின்னாலிருந்து தள்ளிவிட்ட அதே துள்ளல் இப்போது எதிர்க்காற்றாகிவிடுகிறது. அதனால் 2024 இல் டவுடிங்கும் ஷூவும் நுண்துகள்களை லேசரால் ஏவிச் சோதித்தபோது, சூடாக்கிய செம்பு குளிர்ந்த செம்பைவிட உறுதியாக இருந்தது. ஜான்சன்-குக்கின் மூன்றாவது உறுப்பு அங்கே திசையே தவறிப்போகும்.

ஆகவே எண்களை எடுக்கும் கட்டுரையில் அவர்கள் எந்தத் திரிபு வீதம் வரை அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள், உங்கள் கணக்கில் குண்டு படும் இடத்தில் எவ்வளவு வருகிறது என்று அச்சடித்துப் பாருங்கள். அப்புறம் தட்டுக்குப் போவதற்கு முன், அதே எண்களை வைத்து ஒரு டெய்லர் சோதனையை ஓட்டிப் பாருங்கள், உருளையைக் கெட்டியான சுவரில் மோதவிடுவது, 1948 இலிருந்து நடக்கிற சோதனை. உருளையின் கடைசி நீளம் மட்டும் பொருந்தினால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், தப்பான எண்களும் நீளத்தைச் சரியாகக் கொடுக்கும். மோதிய முனை காளான் மாதிரி விரிந்திருக்கும் அல்லவா, அந்த விரிவு எங்கே முடிந்து, நடுவில் எங்கே லேசாகப் புடைத்து, எந்த இடத்தில் பழைய விட்டத்துக்கு வருகிறது என்று விளிம்பு முழுக்க ஒட்டிப் பாருங்கள், தப்பு இருந்தால் அங்கேதான் தெரியும்.